தேவரம் என்ற 248

1825 மே 31 இரவு ஒரு சந்திர கிரகணம். அதைக் கணித்துக் காட்டும்படி புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைக் கேட்டார் ஜான் வாரன். பஞ்சாங்கக்காரர் தாளையும் எழுதுகோலையும் தேடவில்லை. தரையில் சோழிகளை வைத்தார். மனப்பாடமாக இருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்தார்; சோழிகளைக் கூட்டினார், குறைத்தார், இடம் மாற்றினார். கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று சொல்லிவிட்டார். வானியல் கொள்கையில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது என்று வாரன் எழுதி வைத்திருக்கிறார். நினைவாற்றல் மட்டும் அபாரமாம்.

வாரன் பிறப்பால் பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தவர், வேலை பார்த்தது ஆங்கிலேயரிடம். கோலார் பக்கம் மண்ணில் தங்கம் இருப்பதை 1802இல் ஆராய்ந்து எழுதியவரும் இவர்தான். பிறகு சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தார். தென்னாட்டார் நாள் கணிக்கும் முறைகளைத் திரட்டி 1825இல் சென்னையில் அவர் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்ற பெருநூலில்தான் இந்தச் சோழிக் கணக்கு இருக்கிறது.

அந்தப் பஞ்சாங்கக்காரர் முணுமுணுத்த சொற்களின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். மொத்தம் 248 சொற்றொடர்கள். சந்திர வாக்கியம் என்று பெயர். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்கிய பஞ்சாங்கத்தின் ‘வாக்கியம்’ இதிலிருந்து வந்ததே.

இந்தச் சொற்கள் எதைச் சொல்கின்றன? நிலவு வானத்தில் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பூமிக்கு அருகே வரும்போது விரைகிறது, தொலைவில் போகும்போது தயங்குகிறது. சராசரியாக ஒரு நாளைக்கு 13 பாகை 10 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). மிகத் தயங்கும் புள்ளியிலிருந்து கிளம்பி மறுபடி அதே தயக்கத்துக்கு வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மேலும் ஆகிறது. வளைந்து வளைந்து போகும் இந்த ஓட்டத்தை முழுதாக எழுதி வைக்க முடியாது. கணத்துக்குக் கணம் மாறுவதை எந்த ஏட்டில் எழுதுவது? அதனால் நாளுக்கு ஒரு முறை, சூரியோதயத்தின்போது மட்டும், நிலவு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை. இரண்டாவது 24 பாகை 9 கலை. மூன்றாவது 36 பாகை 22 கலை. நான்காவது 48 பாகை 44 கலை. இடைவெளியைக் கழித்துப் பாருங்கள்: 12-3, 12-6, 12-13, 12-22. தயக்கத்திலிருந்து நிலவு மெல்ல வேகம் பிடிப்பது எண்களிலேயே தெரியும்.

தொடர்ந்து ஓடும் ஒன்றைச் சில புள்ளிகளில் மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது நடுவில் உள்ளதைக் கணக்கால் மீட்பது. பாட்டைக் குறுந்தகட்டில் அடைத்தவர்கள் நொடிக்கு 44,100 புள்ளிகள் எடுத்தார்கள். இவர்கள் நாளுக்கு ஒன்று.

அது ஏன் 248? அங்கேதான் பயணம் தொடங்குகிறது, புதுச்சேரியிலிருந்து வெகு தொலைவில். கி.மு. கடைசி நூற்றாண்டுகளில் பாபிலோனியர் களிமண் பலகைகளில் நிலவின் அன்றாட வேகத்தை எழுதினார்கள். வேகம் தினமும் ஒரே அளவில் ஏறும், உச்சம் தொட்டதும் அதே அளவில் இறங்கும். வரைந்தால் ரம்பப் பல்போல இருக்கும். அந்தப் பலகைகளில் ஒன்பது சுற்றுக்கு 248 நாள். ஒரு சுற்று 27 நாளும் 5/9 நாளும் என்றால் ஒன்பது சுற்றில் பின்னம் மறைந்து முழு எண் வந்துவிடுகிறது. உண்மையில் 248 நாளுக்கு 13 நிமிடம் போலக் குறைகிறது. இந்தச் சிறு கோணலை நிமிர்த்த இன்னொரு எண் வந்தது: 110 சுற்றுக்கு 3031 நாள். இதில் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரசு ஏடுகளில் 248ம் 3031ம் சேர்ந்தே இருக்கின்றன. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பஞ்சசித்தாந்திகையிலும் இருக்கின்றன. எண் கடல் தாண்டி வந்ததா, நிலவைப் பொறுமையாக எண்ணியவர்கள் எல்லாரும் தாமாகவே 248இல் போய் முட்டினார்களா? இரண்டு எண்களும் ஜோடியாக நகர்வதைப் பார்த்தால் பயணம் என்றுதான் எனக்குப் படுகிறது.

தென்னாட்டுக்கு வந்த பிறகு அந்த எண்ணுக்கு ஒரு புது உடம்பு கிடைத்தது. களிமண் போய்ச் சொல் வந்தது.

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்குக் கடபயாதி தெரிந்திருக்கும். மேசகல்யாணி 65ஆவது மேளம். ம என்றால் 5, ச என்றால் 6, திருப்பிப் போட்டால் 65. தீரசங்கராபரணம் அதே கணக்கில் 29. வாக்கியங்களும் இப்படித்தான். ஒவ்வொரு எழுத்தும் ஓர் இலக்கம், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் க, ச, த எல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலியைச் சுமப்பதால் இந்த வேலை கிரந்த எழுத்தில்தான் சரியாக நடக்கும். 248 என்ற எண்ணுக்கே ஒரு பெயர் வைத்தார்கள்: தேவரம். தே 8, வ 4, ர 2. (காலெடுத்துச் சேர்த்துத் தேவாரமாக்கிவிட வேண்டாம், அதற்கும் இதற்கும் உறவில்லை.) 3031க்குக் கலாநிலம். மந்திரம் போலத் தோன்றும் இந்தப் பெயர்கள் வெறும் எண்கள் என்று தெரிந்த நாளில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, பிறகுதான் வியப்பு வந்தது.

எண்ணாக எழுதிய ஏட்டில் ஓர் இலக்கம் கெட்டால் கெட்டதுதான். 3 இருந்த இடத்தில் 8 வந்தால் யாருக்குத் தெரியும்? வாக்கியத்துக்கோ பொருள் உண்டு. ஓர் எழுத்து பிசகினால் பொருள் குலையும், ஓதுகிறவன் நாக்கு தடுக்கும். பிழையைக் காட்டிக் கொடுக்கும் காவலும் எண்ணோடு சேர்ந்தே பயணம் செய்தது. இந்த 248ஐ வரருசி என்ற பெயரோடு சேர்த்துச் சொல்வது மரபு. கேரளத்துக் கதைகளில் பன்னிரண்டு குலங்களுக்குத் தந்தையாக வருகிற வரருசி அவர்தானா என்பதைக் கதை சொல்கிறவர்களிடமே விட்டுவிடலாம்.

1300ஐ ஒட்டி, காஞ்சிபுரம் வட்டாரத்தில் வாக்கியகரணம் என்ற நூல் எழுந்தது. நிலவுக்கு மட்டும் இருந்த முறை அதில் மற்றக் கோள்களுக்கும் விரிந்தது. நாம் இன்று வாக்கிய பஞ்சாங்கம் என்று சொல்வதற்கு இதுதான் அடி. இந்நூலுக்கு உரை எழுதிய சுந்தரராஜர், மலையாளக் கரையிலிருந்த நீலகண்ட சோமயாஜியிடம் சந்தேகம் கேட்டு விடை பெற்றவர். சுந்தரராஜர் உரையோடு நூலைப் பதிப்பித்து 1962இல் சென்னை குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது.

பஞ்சாங்கக்காரருக்கு உண்மையில் என்ன வேலை என்று பார்க்கலாம். கலியுகம் தொடங்கியதிலிருந்து இன்று எத்தனையாவது நாள் என்று எடுத்துக்கொள்கிறார். அதிலிருந்து பெரிய எண்களைக் கழித்து, மீதியை 12372ஆல் வகுத்து, அதன் மீதியை 3031ஆல் வகுத்து, அதன் மீதியை 248ஆல் வகுக்கிறார். ஒவ்வொரு வகுத்தலுக்கும் ஒரு துருவம் உண்டு, அதாவது அத்தனை நாளில் நிலவு நகர்ந்திருக்கும் அளவு. ஒரு தேவரத்துக்கு 27 பாகை 44 கலை. கடைசியில் நிற்கும் மீதி 57 என்றால் ஐம்பத்தேழாவது வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் இன்றைய உதயத்தில் நிலவு நிற்கும் இடம்.

ஆனால் உதயத்தில் நிலவு எங்கே இருந்தது என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. ஏகாதசி எப்போது முடிகிறது என்று கேட்கிறார்கள். அது நடுப்பகலிலோ நள்ளிரவிலோ முடியும். அந்த நேரத்துக்கு வாக்கியம் கிடையாது. இரண்டு உதயங்களுக்கு நடுவே இருக்கும் இருட்டை அவரே நிரப்ப வேண்டும்.

சூரியனைவிட நிலவு 12 பாகை முந்தினால் ஒரு திதி. இன்று உதயத்தில் இடைவெளி 100 பாகை என்று வைத்துக்கொள்வோம். 108இல் இந்தத் திதி முடியும். இன்னும் 8 வேண்டும். நாளைய வாக்கியத்திலிருந்து இன்றையதைக் கழித்தால் நிலவின் ஒரு நாள் நடை 13 பாகை. சூரியன் 1 பாகை. முந்துவது 12. அறுபது நாழிகையில் 12 என்றால் 8க்கு எத்தனை? 40 நாழிகை, அதாவது உதயத்திலிருந்து 16 மணி நேரம். பஞ்சாங்கத்தில் திதிக்கு நேரே அச்சாகியிருக்கும் ‘நா. 40’ இப்படி வந்ததுதான். பழைய பெயர் திரைராசிகம். இன்றைய பாடநூலில் இடைச்செருகல் என்றும் ஒரு சொல் உண்டு; தமிழ்ப் புலவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பாட்டில் இடைச்செருகல் குற்றம். பஞ்சாங்கத்தில் அதுவே பிழைப்பு.

வளைந்து போகும் பாதையில் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் தவறு வராதா? வரும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலவின் நடை ஒரு நாளுக்கு மறுநாள் அதிகபட்சம் 15 கலை அளவுக்குத்தான் மாறுகிறது. நேர்கோடு போட்டால் வரும் பிழை அதில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 2 கலை. நேரத்தில் 4 நிமிடம். சோழி வைத்துக் கணிப்பவருக்கு இது தாராளம்.

தாராளம் என்று விட்டுவிடாத ஒருவர் இருந்தார். 14ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராமத்து மாதவர். சைனுக்கும் பைக்கும் முடிவில்லாத் தொடர் கண்டதற்காக உலகம் இன்று கொண்டாடும் மாதவர்தான். அவர் முதலில் 248 வாக்கியங்களையும் விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) வரை திருத்தினார். 12 பாகை 3 கலை என்றிருந்த முதல் வாக்கியம் 12 பாகை 2 கலை 35 விகலை ஆயிற்று. பிறகு ‘வேண்வாரோகம்’ எழுதினார். மூங்கில் ஏறுவது என்று பொருள். அதில் நிலவின் இடத்தை நாளுக்கு ஒன்பது முறை சொல்ல வழி காட்டினார். புதிதாக அளந்தாரா? இல்லை. கையில் இருந்த அதே 248 புள்ளிகளைத்தான் வேறு வரிசையில் அடுக்கினார்.

ஒரு சுற்று 27 5/9 நாள் அல்லவா? முதல் சுற்றில் உதயங்கள் 0, 1, 2 என்று முழு நாட்களில் விழுகின்றன. 28ஆம் நாள் உதயம் வரும்போது இரண்டாவது சுற்று தொடங்கி 4/9 நாள் ஆகிவிட்டது. மூன்றாவது சுற்றில் முதல் உதயம் 8/9இல் விழுகிறது. நான்காவதில் 3/9. அப்புறம் 7/9, 2/9, 6/9, 1/9, 5/9. ஒன்பது சுற்றிலும் உதயம் ஒரு முறைகூடப் பழைய இடத்தில் விழுவதில்லை. ஒன்பதில் ஒரு பங்கு இடைவெளிகள் அத்தனையும் நிரம்புகின்றன. ஒன்பது சுற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் நாளுக்கு ஒன்பது புள்ளி, 6 நாழிகை 40 விநாழிகைக்கு ஒன்று. ஊடுபுள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: முதல் வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளி. இடைவெளி ஒன்பதில் ஒன்றானால் நேர்கோட்டுப் பிழை எண்பத்தொன்றில் ஒன்றாகிவிடும். மின்னணு ஆய்வகத்தில், தன்னால் பின்தொடர முடியாத வேகமான அலையைப் பிடிக்க ஒருவகை ஆஸிலோஸ்கோப் செய்வதும் இதையே. திரும்பத் திரும்ப வரும் அலையில் ஒவ்வொரு சுற்றிலும் சற்றுத் தள்ளி ஒரு புள்ளி எடுத்து, பிறகு ஒன்றாக அடுக்குகிறது.

எத்தனை புள்ளி இருந்தால் போதும் என்பதற்கு முறையான விடை 20ஆம் நூற்றாண்டில் வந்தது. 1933இல் ரஷ்யாவில் கோடெல்னிகோவ், 1949இல் அமெரிக்காவில் கிளாட் ஷானன். ஓர் அலையில் உள்ள மிக வேகமான அதிர்வைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அடிக்கடி புள்ளி எடுத்தால் அலையை ஒரு துளி குறையாமல் மீட்டுவிடலாம். தொலைபேசிக்கு நொடிக்கு 8000 என்று வைத்தது இதனால்தான். 27½ நாளில் ஒரு முறை திரும்பும் நிலவுக்கு நாள்தோறும் ஒரு புள்ளி என்பது விதி கேட்பதைவிடப் பன்மடங்கு.

அப்படியிருந்தும் நிலவு தப்பித்தது.

தப்பித்த இடத்தைப் பார்க்குமுன் இன்னொரு பயணி. கியோம் லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் 1761இல் சூரியனை வெள்ளி கடப்பதைப் புதுச்சேரியில் நின்று பார்க்கக் கிளம்பினார். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் நடுக்கடலில் கப்பலில் நின்று பார்த்தார். எட்டாண்டு காத்திருந்து 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். அன்று காலை மேகம். அவருடைய துரதிருஷ்டம் உலகப் பிரசித்தம். அங்கே தங்கியிருந்த காலத்தில் அவர் உட்கார்ந்து தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதம் கற்றுக்கொண்டது அவ்வளவு பிரசித்தமில்லை. 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் நீளத்தை அந்த முறையில் போட்டால் 41 நொடி குறைந்தது. ஐரோப்பாவில் அன்று சிறந்ததெனப் பெயர் பெற்ற டோபியாஸ் மேயர் அட்டவணையில் 68 நொடி கூடியது.

இந்த 41 நொடியை மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். வாரன் பார்த்த 1825 கிரகணத்தில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகியதை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஏளனம் செய்ய வருகிறவர்கள் 52ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு முழுக்கோடு வரைகிறவர்கள்.

சரி, நிலவு எங்கே தப்பித்தது? பழைய வானியலாளர்கள் நிலவின் ஏற்றத்தாழ்வை அளக்கக் கிரகணத்தையே நம்பினார்கள். கிரகணம் பிடிக்கும் கணத்தில் நிலவின் இடம் சந்தேகமில்லாமல் தெரியும். ஆனால் கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே வரும். தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் பார்க்கிற உறவினர் நம் கண்ணுக்கு எப்போதும் புதுச்சட்டையில்தான் இருப்பார்.

நிலவு சராசரி இடத்திலிருந்து முன்னும் பின்னுமாக விலகும் பெரிய ஊசலின் வீச்சு 6.3 பாகை. அதோடு சூரியனின் இழுப்பால் இன்னொரு ஊசல் உண்டு, 1.3 பாகை வீச்சு. அமாவாசை, பௌர்ணமிகளில் இந்த இரண்டாவது ஊசல் முதலாவதற்கு நேர் எதிராக நின்று அதைக் குறைக்கிறது. 6.3இல் 1.3 போனால் 5. நம் சித்தாந்த நூல்கள் நிலவுக்குச் சொல்லும் வீச்சு சரியாக இந்த 5 பாகைதான். அவர்கள் அளந்ததில் பிழையில்லை. அளந்த நாட்களில் நிலவு அப்படித்தான் இருந்தது. இரண்டாவது ஊசல் முதலாவதன் வேடத்தில் வந்து போயிருக்கிறது. பழைய சினிமாவில் ஓடும் குதிரை வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரியுமே, அதே மாயம்.

அஷ்டமி பக்கம் வந்தால் வேடம் கலைகிறது. அங்கே இரண்டு ஊசலும் ஒரே பக்கம் சேரும்: 6.3உம் 1.3உம் 7.6. வாக்கியம் 5 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இடைவெளி இரண்டரைப் பாகைக்கு மேல். திதி முடியும் நேரத்தில் 5 மணி நேரம் வரை. 248 வாக்கியத்தையும் எவ்வளவு நுணுக்கமாகத் திருத்தினாலும் இது சரியாகாது. அஷ்டமி நாட்களில் நிலவைப் பார்த்துத்தான் கிரேக்கத் தாலமி இந்த இரண்டாம் ஊசலைப் பிடித்தார். நம் பக்கத்தில் 932இல் முஞ்ஜாலர் லகுமானசத்தில் இதற்கு ஒரு திருத்தம் தந்தார். வாக்கியத்துக்குள் அது நுழையவில்லை. நுழைந்திருந்தால் 248இல் அடங்கியிருக்காது. இரண்டாம் ஊசலின் சுற்று வேறு. மனப்பாடத்தின் அழகே அதன் வேலியும் ஆயிற்று.

19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி போன்றவர்கள், கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும் திருக்கணிதமே வேண்டும் என்று வாதாடினார்கள். அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதம்; திருநள்ளாறு கோயில் வாக்கியப்படி 2026 என்றது. யாழ்ப்பாணத்திலும் இரண்டு பஞ்சாங்கங்களும் புழங்குகின்றன. என் கட்சி எது என்று கேட்டால், கோள் நிற்கும் இடத்துக்குத் திருக்கணிதம்தான். அதற்காக வாக்கியத்தை மூடத்தனம் என்பவர்களோடு எனக்கு ஒட்டாது. 1952இல் ‘தமிழர் வானியல்’ பற்றிக் கட்டுரை எழுதிய ஆட்டோ நாய்கெபவர் பாபிலோனியப் பலகைகளில் ஊறியவர். புதுச்சேரிச் சோழிகளில் 248ஐப் பார்த்ததும் பிழை எத்தனை நிமிடம் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரபு அறாமல் வந்திருப்பதைத்தான் பெரிதென்றார்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு வாக்கிய பஞ்சாங்கமும், பாம்பு பஞ்சாங்கம் போதும், ஒரு திருக்கணித பஞ்சாங்கமும் வாங்கிக்கொள்ளுங்கள். அமாவாசையும் பௌர்ணமியும் முடியும் நேரத்தை இரண்டிலும் பாருங்கள். பிறகு இரண்டு அஷ்டமிகளும் முடியும் நேரத்தைப் பாருங்கள். முன்னதில் வித்தியாசம் கொஞ்சமாகவும் பின்னதில் பெரிதாகவும் இருக்கும். சில மாதம் அஷ்டமியிலும் சிறுத்துப்போகும். ஒரு மாதத்தோடு நிறுத்தாமல் நாலைந்து மாதம் பாருங்கள்.